இயங்குதள மாற்றமும் ஊராட்சிக் கணினிகளும்

ஊராட்சி அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஓர் இரும்பு அலமாரி, அதனுள் தடித்த பேரேடுகள் என்றிருந்த நிலை மாறி வெகு காலமாயிற்று. வீட்டு வரிக் கேட்புப் பதிவேடும், குடிநீர்க் கட்டணக் கணக்கும், வேலைகளின் மதிப்பீடுகளும், மன்றத் தீர்மானங்களும் இன்று பெரும்பாலும் கணினியில் இடம்பெற்றுவிட்டன. பேரேட்டுக்குக் கரையான் பகை என்பது யாவரும் அறிந்தது. கணினிக்குப் பகை யாது என்று கேட்டால் ‘வைரஸ்’ என்ற ஒரே விடைதான் எங்கும் கிடைக்கிறது. ஆனால், நன்மை கருதி நாமே செய்கின்ற ஒரு மாற்றமும், தக்க ஆயத்தமின்றிச் செய்யப்படுமாயின், வைரஸுக்கு இணையான கேட்டை விளைவிக்கக் கூடும். கணினியின் இயங்குதளத்தை மாற்றுவது அத்தகையதொரு காரியம்.

இம்மாற்றத்தைப் பற்றிய பேச்சு இப்பொழுது எழுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. இதற்கு முன்னர் விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 2020 ஜனவரியிலும் இவ்வாறே கைவிடப்பட்டன. “எங்கள் கணினி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?” என்று சில ஊராட்சிகள் கேட்கின்றன. “புதியது வந்துவிட்டதாம், உடனே போட்டுவிடலாமா?” என்று வேறு சில ஊராட்சிகள் கேட்கின்றன. இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. இரண்டுக்கும் ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது.

இயங்குதளம் என்பது யாது?

கடைக்காரர் ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று கூறுவதைத்தான் இயங்குதளம் என்கிறோம். இதனை விளக்க உழவர்களுக்கு நன்கு தெரிந்த டிராக்டரையே எடுத்துக்கொள்வோம். டிராக்டர் தானாக உழுவதில்லை. அதன் பின்புறம் கலப்பையையோ, ரோட்டவேட்டரையோ, விதைக்கும் கருவியையோ மாட்டினால்தான் வேலை நடக்கிறது. மாட்டுவதற்கு மூன்று முனை இணைப்பு இருக்கிறது. சிறு டிராக்டரின் கீழ் இணைப்பு ஊசி 22 மில்லிமீட்டர் கனமுடையது. அதற்கு அடுத்த பெரிய வகையின் ஊசி 28 மில்லிமீட்டர். பழைய டிராக்டரை விற்றுப் பெரிய டிராக்டர் வாங்கியவர், தம் பழைய கலப்பையை அதில் மாட்டச் சென்றால் துளையும் ஊசியும் பொருந்துவதில்லை. கலப்பையிலும் குற்றமில்லை, டிராக்டரிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் இடையே இருந்த உடன்பாடு மாறிவிட்டது.

கணினியில் இயங்குதளமே டிராக்டர். கணக்கெழுதும் மென்பொருள், தமிழில் தட்டச்சுச் செய்யும் மென்பொருள், அச்சுப்பொறி, ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகிய யாவும் அதில் மாட்டப்படும் கருவிகள். இயங்குதளத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கருவிகள் அனைத்தும் முன்போலவே பொருந்தும் என்று எதிர்பார்ப்பது தவறு. சிலவற்றுக்குப் புஷ் மாற்றினால் போதும். சிலவற்றுக்குப் பட்டறைக்குப் போக வேண்டும். சிலவற்றைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மாற்றாமல் இருந்தால் என்ன?

பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணினி மறுநாளே நின்றுவிடாது. பூட்டு பழுதான வீடும் உடனே கொள்ளை போவதில்லை அல்லவா? ஆனால், அதன் பின்னர்க் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. 2017 மே 12-ஆம் தேதி ‘வான்னாகிரை’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியதை இங்கு நினைவுகூர வேண்டும். அது கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதற்கு இடமளித்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் சிக்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் அதனால் ரத்து செய்யப்பட்டன. ஊராட்சிப் பணத்தை இணையவழியே வழங்கும் கணினிக்கு இத்தகைய ஆபத்து நேரலாம் என்பதை நாம் மறுக்க முடியாது.

ஆதலின், இணையத்தோடு தொடர்பு கொண்ட கணினியை மாற்றியே ஆக வேண்டும் என்பது நம் கருத்து. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி விண்டோஸ் 10-க்கு மூன்று ஆண்டுகள் வரை, அதாவது 2028 அக்டோபர் வரை, திருத்தங்களைப் பெறும் ஏற்பாடும் உண்டு. அது காலத்தை நீட்டிக்குமேயன்றி வேலையைத் தீர்க்காது.

மாற்றுவதற்கு முன் கணினியே தகுதியுடையதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், ‘டிபிஎம் 2.0’ எனப்படும் பாதுகாப்புச் சிப்பும் தேவை. இன்டெல் சிப்புகளில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதற்கொண்டே அது ஏற்கிறது. அத்தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இல். எனவே, அதற்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை தேர்வாவதில்லை. இச்சோதனையைத் தாண்டிச் செல்லச் சில குறுக்கு வழிகள் உண்டென்று நகரத்துக் கடைக்காரர்கள் கூறுவார்கள். அவ்வாறு நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதியைத் தயாரிப்பாளர் தருவதில்லை. திருத்தம் பெறுவதற்காகவே மாற்றுகின்ற நாம், திருத்தம் உறுதியில்லாத வழியில் மாற்றுவதில் பொருள் என்ன?

பொருந்தாமை எங்கெங்கு தோன்றும்?

பழைய கணினிகள் பல ‘32 பிட்’ இயங்குதளத்தில் ஓடின. விண்டோஸ் 11 ‘64 பிட்’ வடிவில் மட்டுமே வருகிறது. 32 பிட்டுக்கென எழுதப்பட்ட சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் 64 பிட்டிலும் ஓடும். ஆனால், அதற்கும் முந்திய 16 பிட் மென்பொருள்கள் அறவே ஓடமாட்டா. டாஸ் காலத்து பாக்ஸ்புரோ கணக்கு நிரல்களை இன்றும் போற்றி வைத்திருக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களில் பணியாற்றிய உறுப்பினர்களுக்கு இது தெரிந்திருக்கும். நல்ல செய்தி யாதெனில், நிரல் ஓடாவிட்டாலும் அது சேமித்து வைத்த ‘டிபிஎஃப்’ கோப்புகளை லிப்ரே ஆபிஸ் போன்ற இலவச மென்பொருளில் அட்டவணையாகத் திறந்து பார்க்கலாம். களஞ்சியம் இடிந்தாலும் நெல் கெடவில்லை என்று கொள்ளலாம்.

அச்சுப்பொறியும் ஸ்கேனரும் ‘டிரைவர்’ என்னும் சிறு நிரல் வழியாகவே கணினியோடு பேசுகின்றன. 32 பிட் டிரைவரை 64 பிட் இயங்குதளம் ஏற்காது. அச்சுப்பொறியைத் தயாரித்தவர் புதிய டிரைவரை வெளியிட்டிருந்தால் கவலையில்லை. வெளியிடாவிட்டால், ஒரு குறையுமில்லாத அச்சுப்பொறியும் வெறும் பெட்டியாகிவிடும். எனவே, மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் முதலில் தேடிப் பார்ப்பது சிக்கனத்துக்கு நல்லது.

இனி, ஊராட்சியின் அன்றாட வேலையையே நிறுத்திவிடக் கூடியது டிஜிட்டல் கையொப்பம். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியே பணம் வழங்கும்பொழுது, பட்டியலை ஆயத்தம் செய்பவரும் ஒப்புதல் தருபவரும் தத்தம் டோக்கனைக் கணினியில் செருகிக் கையொப்பமிட வேண்டும். அதற்கு மூன்று பொருள்கள் ஒத்துழைக்க வேண்டும்: டோக்கனின் டிரைவர், கையொப்பமிட உதவும் சிறு நிரல், இணைய உலாவி. இவற்றில் ஒன்று பிணங்கினாலும் கையொப்பம் விழாது. உலாவியின் செய்தியை முன்னரே ஒருமுறை நாடு அனுபவித்தது. ஒரு காலத்தில் மின் ஒப்பந்தப்புள்ளித் தளங்கள் பல, உலாவிக்குள் ஓடும் ஜாவா நிரலை நம்பியிருந்தன. 2015 செப்டம்பரில் குரோம் உலாவியும், 2017 மார்ச்சில் பயர்பாக்ஸும் அத்தகைய நிரல்களுக்கு இடமளிப்பதை நிறுத்தின. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. உலாவி தானாகப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் ஒப்பந்தக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதற்கு இதுவே காரணம்.

நம் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஊராட்சிச் செயலர் அதனை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தார். மாதக் கடைசி வாரம். ஒரே பிற்பகலில் புதிய இயங்குதளம் ஏறிவிட்டது. கணினியும் வேகமாகத்தான் ஓடியது. மறுநாள் ஊதியப் பட்டியலுக்குக் கையொப்பமிட முயன்றபொழுது டோக்கன் இருப்பதையே கணினி உணரவில்லை. பதற்றத்தில் இரகசிய எண்ணைப் பலமுறை இட்டு முயன்றிருக்கிறார்கள். டிரைவர் ஏறிய பின் அடுத்தடுத்துத் தவறான எண் இட்டதால் ஒரு டோக்கன் பூட்டிக்கொண்டது. அதனைத் திறப்பிக்கவும், ஒப்புதல் தரவும் ஒன்பது நாட்கள் ஆயின. தூய்மைக் காவலர்களும் குடிநீர்த் தொட்டி இயக்குபவரும் அத்தனை நாளும் ஊதியத்துக்காகக் காத்திருந்தனர். அன்றாடம் கடைக்காரரிடம் அரிசி வாங்கும் குடும்பங்களுக்கு ஒன்பது நாள் என்பது சிறிய காலமன்று. கையொப்பச் சான்று கணினிக்குள் இல்லை, டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது என்பதை எவரேனும் முன்னரே சொல்லியிருந்தால், அது அழிந்துவிட்டதோ என்ற அச்சமே எழுந்திருக்காது, அவசரமும் நேர்ந்திருக்காது.

அக்கடைக்காரர் செய்த மற்றொரு காரியத்தையும் குறிப்பிட வேண்டும். இயங்குதள மாற்றத்தில் இரு முறைகள் உண்டு. கோப்புகளையும் மென்பொருள்களையும் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு மேலேற்றுவது ஒன்று. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது மற்றொன்று. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறும்பொழுது இரண்டாவது முறையே இயலும். கடைக்காரர் தாமே நகல் எடுத்து வைப்பார் என்று எண்ணிவிடுவது பேதைமை. அவருக்கு அதில் எது வரிப் பதிவேடு, எது சினிமாப் பாட்டு என்று எப்படித் தெரியும்?

தமிழ் எழுத்தின் சங்கடம்

இதனைத் தனியே விரிவாக எழுதுவதற்குக் காரணம், மற்ற நாட்டார் பலருக்கு இல்லாத இடர்ப்பாடு நமக்கு இதில் இருப்பதுதான். டிரைவர் இல்லையேல் பிறிதோர் அச்சுப்பொறி வாங்கலாம். பத்து ஆண்டுத் தீர்மானங்களைப் பிறிதோர் இடத்தில் வாங்க முடியாது.

யூனிகோடு பரவுமுன் தமிழில் தட்டச்சுச் செய்தவர்கள் உபயோகித்த எழுத்துருக்கள் ஒருவகைக் கண்கட்டு வித்தையைச் செய்தன. கணினி ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் இட்டுத் திரையில் காட்டும். சான்றாக, பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று நாம் காண்பது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அந்த எழுத்துரு இருக்கும்வரை எல்லாம் தமிழாகத் தோன்றும். புதிய இயங்குதளத்தில் அது நிறுவப்படவில்லையெனில், வேடம் கலைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாய் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை அழித்தவர்களும் உண்டு. கோப்பு கெடவில்லை, எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். ஆதலால், பழைய கணினியை ஒப்படைக்குமுன் அதிலுள்ள தமிழ் எழுத்துருக் கோப்புகளைத் தனியே நகலெடுத்து வைப்பது முதற் கடமை.

எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தமையால் ஓர் அலுவலகக் கோப்பு மற்றோர் அலுவலகத்தில் திறக்காமற் போயிற்று. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை அடுத்து டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2010-இல் யூனிகோடும் டேஸ்16-உம் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. யூனிகோட்டில் ‘த’ என்பது எந்தக் கணினியிலும் ‘த’ தான். வேடம் இல்லை, கலைவதும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் 2019 மே மாதத்து வெளியீடு முதல் விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. தட்டச்சுக்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் நிரல்கள் உள்ளன. அவற்றை நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. பழைய எழுத்துருவில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ளே வேறுபாடில்லை என்று மேலே கூறினோம். அதன் விளைவாக, ஆவணத்தின் இடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சொற்களையும் மாற்று நிரல் தமிழென்று கருதி மாற்றிவிடக் கூடும். பயனாளியின் வங்கிக் கிளைக் குறியீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகள் ‘தமிழாகி’விட்டால் என்ன ஆகும் என்பதை உறுப்பினர்கள் சிந்திக்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலே வீட்டு வசதித் திட்டத்தில் தவணை நின்றுபோகும் காலம் இது. ஆகவே, மாற்றுமுன் பழைய கணினியிலேயே முக்கியமான பட்டியல்களை அச்சிட்டு வைத்துக்கொண்டு, மாற்றியபின் வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கும் பழைய முறையே இதற்கும் சிறந்தது. அகர வரிசையில் உள்ள பட்டியல்கள் புதிய முறையில் வேறு வரிசையில் அமையலாம் என்பதையும் நினைவில் வைத்தால் வீண் குழப்பம் நேராது.

எவ்வாறு தொடங்குவது?

முதலில் ஒரு தாளை எடுத்து அலுவலகக் கணினியில் இயங்கும் மென்பொருள்களையும், அதனோடு இணைந்த சாதனங்களையும், அவற்றின் மாதிரி எண்களையும், தமிழ் எழுத்துருக்களின் பெயர்களையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய இயங்குதளத்தில் ஓடுமா என்பதை விசாரித்துக் குறிக்க வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் கணினியை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

அடுத்து, கோப்புகளின் நகல். ஒரு நகல் வெளி வன்தட்டில் அலுவலக அலமாரியிலும், மற்றொன்று ஒன்றிய அலுவலகத்திலும் இருப்பது நலம். நகலெடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், வேறொரு கணினியில் இரண்டொரு கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல் முளைக்காத விதையை ஒத்தது. விதைக்குமுன் முளைப்புச் சோதனை செய்யும் உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊதியம் வழங்கும் வாரத்திலும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போதும் இவ்வேலையைத் தொடவே கூடாது. மேலேற்றும் முறையில் மாற்றியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: புதியது ஒத்துவரவில்லையெனில் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். பின்னர் அவ்வழி அடைபட்டுவிடும். எனவே, முதல் வாரத்திலேயே கையொப்பம், அச்சு, ஸ்கேன், தமிழ்த் தட்டச்சு ஆகிய அனைத்தையும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.

எவ்வகையிலும் மாற்ற இயலாத பழைய கணக்கு நிரல் ஒன்று இருக்குமாயின், அந்தப் பழைய கணினியை இணையத் தொடர்பை அறுத்துவிட்டு, பழைய கணக்கைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதில் பென் டிரைவ்களைக் கண்டபடி செருகலாகாது.

விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு வழி. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், தமிழக மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளிலும் இடம்பெற்றது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் இணையம் பார்க்கவும் இது தாராளமாகப் போதும். எனினும், விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல்கள் இதில் நேரடியாக ஓடா. டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பார்த்த பிறகே பணம் வழங்கும் கணினியில் இதனை நிறுவ வேண்டும். அலுவலகத்தில் இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது நம் யோசனை.

உழவர்களின் கைப்பேசியிலும் இதே விவகாரம் சற்று வேறு வடிவில் தோன்றுகிறது. கைப்பேசியின் இயங்குதளம் பழையதாகவே நின்றுவிட, உழவன் செயலி போன்றவையும் வங்கிச் செயலிகளும் புதிய பதிப்பைக் கோருகின்றன. கைப்பேசித் தயாரிப்பாளர் சில ஆண்டுகளுக்குப் பின் அந்த மாதிரிக்குப் புதிய ஆண்ட்ராய்டை அளிப்பதில்லை. புதிய கைப்பேசி வாங்குவோர் கேமராவை மட்டும் பாராமல், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவார்கள் என்றும் கடையில் கேட்க வேண்டும். ‘உங்கள் சாதனம் ஏற்றதன்று’ என்ற அறிவிப்பைக் கண்டதும், அறிமுகமில்லாதவர் அனுப்பும் இணைப்பிலிருந்து செயலியை இறக்கிக்கொள்வது பணத்துக்கே ஆபத்து.

புதிய கணினி வாங்க நேர்ந்தால், மன்றம் அதனை ஒரு தீர்மானமாகக் கொண்டு வந்து, மேலே கூறிய தாளையும் அதனோடு இணைப்பது பொருத்தம். விலைப்புள்ளி கேட்கும்பொழுதே ‘எங்கள் அச்சுப்பொறியும் டோக்கனும் இதில் இயங்குவதைக் காட்டிய பின்னரே தொகை’ என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். அத்தாளின் பிரதி ஒன்றை ஒன்றிய அலுவலகத்துக்கும் அனுப்பிவைத்தால், ஒரே வகை அச்சுப்பொறியும் ஒரே வகை டோக்கனும் உடைய ஊராட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு கணினியில் மட்டும் முதலில் மாற்றிச் சோதித்துவிட்டு, மற்றவற்றுக்கு எந்த டிரைவரை எங்கிருந்து எடுப்பது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க இயலும்.